மிதித்துப் பார்த்து வாங்கிய படகு

...வலது காலை மெல்ல இறக்குகிறாள், காலுறையையும் கழற்றிவிட்டாள், வெறும் பாதம், ரப்பர்த் தளம் சில்லென்று இருக்கிறது, பெருவிரல் பட்டதும் உள்வாங்குகிறது, குதிகால் பட்டதும் இன்னும் உள்வாங்குகிறது, பேர்கன் நகரத்துப் படகுக் கடையின் நட்டநடுவில், கம்பளம் விரித்த தரையில் கிடக்கும் காற்றடைத்த படகுக்குள் அறுபத்திரண்டு வயதுத் தவமலர் ஒற்றைக் காலில் நின்று ஆடுவதைப் பார்க்க நாலு பேர் கூடிவிட்டார்கள், கூடட்டுமே, நோர்வேக்காரருக்கும் பொழுது போக வேண்டாமா. எப்பிடி, மெத்தை மாதிரி இருக்கோ என்று கேட்கிறார் சற்குணம், அவள் புருஷன், கையில் ஒரு கட்டுத் தாள், எல்லாம் கணினியில் தேடி அச்சடித்தது, மெத்தைதான், அதில் படுக்கலாம், நிற்கத்தான் முடியாது, ஆனால் அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு அதை எப்படிச் சொல்வது, குளிர்காலம் முழுக்க மனிதர் இதற்காகவே உட்கார்ந்திருந்தார், சாப்பாட்டு மேசையில் சோறு ஒரு பக்கம், படகுகளின் அடித்தளம் ஒரு பக்கம், மரச்சட்டம் வைத்தது, அலுமினியத் தகடு வைத்தது, காற்றடைப்பது என்று மூன்று வகை, அலுமினியம் நல்லதுதான், அசையாது, ஆனால் எங்கட வள்ளம் சின்னன், அதில தூக்கி வைக்க இடமுமில்லை, தூக்க எங்களுக்கு இடுப்புமில்லை, காற்றுத்தளம் எண்டால் சுருட்டிப் பையில போடலாம் தெரியுமோ என்பார், தெரியும் என்பாள், புட்டு ஆறுது என்பாள்.

வள்ளம் என்று அவர் சொல்வது கரையிலிருந்து கூப்பிடு தூரத்தில் மிதவையில் கட்டிக் கிடக்கும் இருபது அடிப் படகை, வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் வாங்கியது, அங்கே பாலமும் இல்லை, படியும் இல்லை, இன்னொரு குட்டிப் படகில் போய்த்தான் அதில் ஏற வேண்டும், அதை வாங்கத்தான் இந்தக் கடை, முந்தின கோடையில் அப்படி ஏறப் போன நாள் இன்னும் அவள் காதுமடலைச் சுடுகிறது, பழைய குட்டிப் படகு, அடியில் மரச்சட்டங்கள், ஒன்றை மிதித்தால் மற்றது எழும்பும், புதிதாக மாற்றிய முழங்கால் மடங்கவில்லை, தொபுக்கென்று தண்ணீரில் குந்திவிட்டாள், கரையில் வெயில் காய்ந்துகொண்டிருந்த இரண்டு நோர்வேக் கிழவிகள் ஓடி வந்து ஆளுக்கொரு கக்கத்தில் பிடித்துத் தூக்கினார்கள், அவர்கள் அவளைவிடப் பத்து வயது மூத்தவர்கள், அதுதான் பொறுக்கவில்லை. எனக்குக் கடல் பயம், இனிக் கூப்பிடாதேங்கோ என்று அன்று சொன்னாள், பச்சைப் பொய். யாழ்ப்பாணத்து நெடுந்தீவில் பிறந்தவளுக்குக் கடல் பயமா, பதினைந்து வயதில் தீவின் மாவிலித்துறையிலிருந்து வள்ளத்தில் போகிறாள், இடது கையில் இரண்டு ஆட்டின் கயிறு, வலது கையில் மூன்று ஆட்டின் கயிறு, காற்று பாவாடையை ஊதுகிறது, ஆடுகள் கத்துகின்றன, அவள் பிடித்துக்கொள்ள ஒன்றும் இல்லை, பாதம் இரண்டும் பலகையில் ஒட்டியிருக்கின்றன, அக்கரைக் குறிகட்டுவான் வரைக்கும் நின்றபடியே, குந்தினால் ஆடு குதித்துவிடும், அந்தப் பெண் எங்கே போனாள், இதோ இங்கேதான் கடைக்குள் ஒற்றைக் காலில் நிற்கிறாள், வெட்கம் பிடித்தவள்.

ஆனால் அவர் அந்தப் பொய்யை நம்பிவிட்டார், போன கிழமை அவள் வெங்காயம் வதக்கிக்கொண்டிருக்கும்போது பின்னால் வந்து நின்று, இஞ்சேரும், இந்த முறையும் உம்மால ஏற ஏலாட்டில் நான் அதை வித்துப்போடப் போறன், நீர் வராத வள்ளம் எனக்கு என்னத்துக்கு என்றார், ஒவ்வொரு சனிக்கிழமையும் கரையில் காருக்குள் இருந்து அந்தப் படகைப் பார்ப்பது ஒன்றுதான் அவளுக்கு அந்த வாரத்தின் சந்தோஷம், அவர் போவார், எதிரே புதர் மண்டிக் கிடக்கும் பற்றைத் தீவைச் சுற்றி மறைவார், பின்னேரம் திரும்பி வருவார், எவ்வளவு தூரம் போனீங்கள் என்றால் கனதூரம் என்பார், அந்தக் கனதூரத்தை நினைத்து நினைத்து அவள் பொறாமைப்படுவாள். அது போகப் போகிறது. இந்தத் தளம் அவளைத் தாங்காவிட்டால் அது போகப் போகிறது.

மற்றக் காலையும் எடுத்து வைத்தாள், தளம் குழிந்தது, முழங்கால் உள்ளே நழுவியது, சற்குணம் பாய்ந்து பிடிக்க வந்தார், விடுங்கோ என்றாள், பாதம் ஏதோ சொல்கிறது, நாற்பத்தேழு வருடத்துக்குப் பிறகும் சொல்கிறது, இது காத்துக் காணாது அப்பா என்றாள் அவரிடம். கடைக்காரப் பெண் சில்யெயிடம் நோர்வே மொழியில் கேட்டாள், பிள்ளை, இதை முழுதாக அடித்தாயா, சில்யெ சற்குணத்தைப் பார்த்தாள், சற்குணம் கூரையைப் பார்த்தார். நான்தான் கொஞ்சம் இறக்கச் சொன்னனான், உம்மட முழங்காலுக்கு மெத்தெண்டு இருக்கட்டும் எண்டு. ஒரு குளிர்காலம் முழுக்கப் படித்த மனிதர், பம்பின் காற்றழுத்த ஊசி எந்த எண்ணில் நிற்க வேண்டும் என்று அந்தத் தாளில் சிவப்புக் கோடு போட்டு வைத்திருப்பவர், பெண்சாதிக்கு நோகும் என்று காற்றைத் திறந்துவிட்டிருக்கிறார். அவளுக்குச் சிரிப்பு வந்தது, அடக்க முடியவில்லை, படகின் ஓரத்தில் சாய்ந்து கண்ணீர் வரச் சிரித்தாள், கூடி நின்ற நாலு பேரும் காரணம் தெரியாமல் சிரித்தார்கள். அடியுங்கோ என்றாள், அவர் பம்பை மிதித்தார், ஐயோ போதும் என்றார், இன்னும் என்றாள், மூச்சு வாங்க மிதித்தார், ஊசி அந்த எண்ணுக்குப் போயிற்று, தளம் சீமெந்துத் தரை மாதிரி ஆயிற்று, ஏறி நின்றாள், கையை விரித்தாள், ஒரு சின்னக் குதி குதித்தாள், அசையவில்லை. எனக்குக் கடல் பயமில்லை அப்பா, விழுந்த வெட்கத்தில சொன்னது என்றாள், இதைச் சொல்ல ஒரு கோடையிலிருந்து மறு கோடை வரை எடுத்தது, அவர் முகம் ஒரு மாதிரிப் போனது, கோபமோ என்று நினைத்தாள், கோபம் மாதிரியும் இல்லை, சரி, நல்லது, வெகுநல்லது என்றார்.

சனிக்கிழமை, வெயில், கண்ணாடி மாதிரித் தண்ணீர், வாங்கிய குட்டிப் படகில் அவள் முதலில் ஏறினாள், நின்றபடி ஏறினாள், துடுப்பை இஞ்ச தாருங்கோ என்று வாங்கிக்கொண்டாள், பிறகு அவர் ஏறினார், இரண்டு கையும் இரண்டு காலும் ஊன்றித் தவழ்ந்து ஏறினார், ஏறி ஓரத்துக் கயிற்றை இரண்டு கையாலும் பிடித்தார், விரல் மூட்டெல்லாம் வெளுத்துப்போயிருந்தன, கண் இறுக மூடியிருந்தது, உதடு முணுமுணுத்தது, கோண்டாவில் பிள்ளையாரே என்று கேட்டது. துடுப்பு கையில் அப்படியே நின்றது, முப்பத்தெட்டு வருடத்துக்கு முந்தி ஒரு மாப்பிள்ளை நெடுந்தீவுத் துறையில் லாஞ்சுப் படகிலிருந்து இறங்குகிறார், பட்டு வேட்டி, தலைப்பாகை, முகம் வாழையிலைப் பச்சை, இரண்டு பேர் தாங்கிப் பிடித்து வருகிறார்கள், மாப்பிள்ளைக்கு இந்தச் சம்பந்தத்தில் விருப்பமில்லையாம் என்று ஊரெல்லாம் கதை, அவளும் மூன்று நாள் அழுதாள், கோண்டாவில் தோட்டக்காரர் வீட்டுப் பிள்ளை, கிணற்றைத் தவிர வேறு தண்ணீர் பார்த்ததில்லை, அது கடல் செய்த பச்சை என்று அன்றைக்கே தெரிய வேண்டாமா, எவ்வளவு மடைச்சி.

இஞ்சாருங்கோ, உங்களுக்குக் கடல் பயமோ. பயம் எண்டில்லை, கொஞ்சம் ஒத்துவராது. அப்ப ஒவ்வொரு சனியும் கனதூரம் போனது. கண்ணைத் திறக்காமலே சொன்னார், அந்தப் பற்றைத் தீவுக்குப் பின்னால நங்கூரம் போட்டிட்டு ரேடியோ கேட்டுக்கொண்டு இருப்பன், அதுக்கு அங்கால போனதில்லை. பிறகேன் இதை வாங்கினீங்கள். நீர் நித்திரையில துடுப்பு வலிக்கிறனீர், எனக்குப் பக்கத்தில படுக்க ஏலாமல் கிடந்தது.

விற்றிருந்தால் பயம் தீர்ந்து நிம்மதியாக இருந்திருப்பார், அதை விட்டுவிட்டு ஒரு குளிர்காலம் குந்தியிருந்து தளம் படித்திருக்கிறார், அவளுக்குத் துடுப்பைத்தான் வலிக்கத் தெரிந்தது, வலித்தாள், அவரைப் பெரிய படகில் ஏற்றினாள், இயந்திரத்தை முடுக்கினாள், மிதவை பின்னால் போனது, பற்றைத் தீவு வந்தது, அதன் பின்பக்கமும் வந்தது, அவர் வழக்கமாக நங்கூரம் போடும் இடம் வந்தது, வேகத்தைக் குறைத்து அவரைப் பார்த்தாள், இஞ்ச நிப்பாட்டட்டோ, உண்மையாய்த்தான் கேட்டாள், அவர் ஒரு கையைப் படகின் விளிம்பிலிருந்து எடுத்தார், அவள் சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டார், ஒரு கண்ணை மட்டும் திறந்தார். இன்னும் கொஞ்சம் போவம் என்றார்.