செவ்வாய்க்கிழமை நூடுல்ஸ்

வெள்ளிக்கிழமை நூடுல்ஸ் கடைக்குக் கூப்பிட்டால் அது சாப்பாடு. வேறு கிழமையில் கூப்பிட்டால் அது செய்தி. கல்யாணமான புதிதிலிருந்தே அந்தப் புருஷன் பெண்டாட்டிக்குள் இதுதான் சட்டம். யாரும் உட்கார்ந்து பேசிப் போட்டதல்ல, தானாக வந்து ஒட்டிக்கொண்டது.

வீடு என்று பார்த்தால் இரண்டே அறை. அதற்குள் மாமியார், நாத்தனார், கொழுந்தன், பிறகு இவர்கள் இருவர். சுவர் என்று ஒன்று இருந்தது, ஆணி அடிப்பதற்காக. இந்தப் பக்கம் தும்மினால் அந்தப் பக்கத்திலிருந்து மாமியார் "நூறு வயசு" என்பார். அப்படிப்பட்ட இடத்தில் மனம்விட்டு எதைப் பேசுவது? அதனால் பேச வேண்டியதையெல்லாம் பஸ் நிறுத்தத்துக்குப் பின்னால் இருக்கும் நூடுல்ஸ் கடைக்கு ஒத்திப்போடுவார்கள். அங்கே விலை கையைக் கடிக்காது. கிண்ணம் ஒன்று வாங்கினால் இரண்டு வயிறு நிறையும். அடுப்படி இரைச்சலில் பக்கத்து மேசைக்கு ஒரு வார்த்தைகூடப் போய்ச் சேராது.

செய்தி பெரிதாக ஆகத் தட்டுகளும் கூடும். மாமியார் நிரந்தரமாக வந்து தங்கப்போகிறார் என்று சொன்ன அன்று நூடுல்ஸோடு ஒரு தட்டு மோமோ வந்தது. புருஷன் வேலை பார்த்த தொழிற்சாலையை மூடிவிட்டார்கள் என்று சொன்ன அன்று மோமோவோடு பொரித்த கோழியும் வந்தது. வேலை போன மனுஷன் கோழி வாங்குவாரா என்று கேட்கிறீர்களா? இவர் வாங்குவார். கெட்டதை வெறும் வயிற்றில் கேட்கக் கூடாது என்பது அவருடைய கட்சி. பிற்பாடு லிப்ட் பழுதுபார்க்கும் வேலை கிடைத்தது, அது வேறு கதை.

ஆகவே அந்தச் செவ்வாய்க்கிழமை, கண்ணாடிக்கடையில் ஒரு பெரியவரின் மூக்குக்கண்ணாடிக்குத் திருகு முடுக்கிக்கொண்டிருந்தவளுக்குப் போன் வந்து, "சாயங்காலம் நேரா நூடுல்ஸ் கடைக்கு வந்துடு. கொஞ்சம் பேசணும்" என்று அவர் சொன்னதும், சுவர்க் காலண்டரில் கிழமைதான் முதலில் கண்ணில் பட்டது. திருகு கைநழுவி எங்கோ உருண்டது. பெரியவர்தான் பாவம், குனிந்து தேடினார்.

புருஷனுடைய கழுத்தில், காதுக்குக் கீழே, ஒரு கட்டி. ஆஸ்பத்திரியில் அதிலிருந்து துளி எடுத்துச் சோதனைக்கு அனுப்பியிருந்தார்கள். முடிவு இந்த வாரம் வரும் என்றார்கள். வீட்டில் மற்ற யாருக்கும் இது தெரியாது, சட்டைக் காலர் மறைத்துக்கொண்டது. "ஒண்ணும் இருக்காதுங்க" என்று தினமும் அவரிடம் சொல்லிவிட்டு, அவள் நேராக அடுப்படிக்குப் போய் மாவு பிசைவாள். காலையில் ரொட்டி, சாயங்காலம் கேக், ஞாயிற்றுக்கிழமை என்றால் பிஸ்கட், பன் என்று அந்தச் சின்ன மின்சார அடுப்பு ஆறுவதற்கே வழியில்லை. மாவைக் குத்திப் பிசைந்துகொண்டிருக்கும் நேரம் மட்டும் மனசு கொஞ்சம் சும்மா இருந்தது.

கடைக்குள் அவள் நுழைந்தபோது அவர் ஏற்கெனவே உட்கார்ந்திருந்தார். மேசையைப் பார்த்தாள். நூடுல்ஸ். மோமோ. பொரித்த கோழி. அதற்குமேல் இஞ்சி போட்டு ஆவியில் வேகவைத்த முழு மீன் ஒன்று, தலையும் வாலுமாக. இத்தனை வருஷத்தில் அந்த மேசைக்கு மீன் வந்ததே இல்லை. அவள் நாற்காலியைப் பிடித்துக்கொண்டுதான் உட்கார்ந்தாள்.

"என்ன இன்னிக்கு ஒரே விருந்து! ஏதாவது விசேஷமா?" என்று சூப்பை வைத்தாள் கடைக்கார அக்கா.

"சும்மாதான்க்கா" என்றார் அவர். அந்தச் சிரிப்பில் உயிரே இல்லை.

"சாப்பிடு."

"நீங்க சொல்லுங்க."

"முதல்ல சாப்பிடு, சொல்றேன்."

அவள் ஒரு மோமோவை எடுத்து வாயில் போட்டாள். சாதாரண நாளில் அந்தக் காரச் சட்னிக்காகவே சண்டை போடுபவள். இன்று பஞ்சை மெல்வதுபோல இருந்தது. அவரோ மீனின் முள்ளை எடுக்கிறேன் பேர்வழி என்று மீனையே உருத்தெரியாமல் ஆக்கிக்கொண்டிருந்தார்.

"நீ மனசைக் கொஞ்சம் திடப்படுத்திக்கணும்" என்று ஆரம்பித்தார். ஆரம்பித்துவிட்டுத் தண்ணீர் குடித்தார். "வீட்ல எல்லார்கிட்டயும் பேசிட்டேன். அம்மாதான் ரொம்ப வருத்தப்பட்டாங்க. அவகிட்ட பக்குவமா சொல்லுப்பான்னாங்க."

அடப்பாவி மனுஷா! ஊருக்கெல்லாம் சொல்லிவிட்டுக் கடைசியில்தான் பெண்டாட்டியா? கோபம் பொங்கிக்கொண்டு வந்தது. வந்த வேகத்தில் அடங்கியும் போனது. இவர் இல்லாத வீடு எப்படி இருக்கும் என்று அவள் இத்தனை நாள் நினைக்காமல் ஓட்டியிருந்தாள். இப்போது அது கண்முன்னே வந்து நின்றது: கதவுக்குப் பின்னால் அவருடைய சட்டை, உள்ளே ஆள் இல்லாமல்.

"எதுவா இருந்தாலும் நான் இருக்கேங்க" என்று அவர் கையைப் பிடித்தாள். "வேலையை விட்டுடறேன். நாள் முழுக்க வீட்லயே இருந்து எல்லாம் பார்த்துக்கறேன்."

அவர் முகத்தில் ஈயாடவில்லை.

"ஐயையோ, வேலையை விட்டுட்டு நாள் முழுக்கச் சுடப்போறியா?"

"என்னது?"

"ரொட்டிம்மா!" என்றார் அவர். அடைத்துவைத்திருந்ததெல்லாம் மடை உடைந்து கொட்டியது. "கோவிச்சுக்காதே. முடியலை. நிஜமாவே முடியலை. காலைல ரொட்டி, ராத்திரி ரொட்டி. தம்பி ஆபீஸுக்கு எடுத்துட்டுப் போனா, அங்க இவனைக் கண்டாலே எல்லாரும் எழுந்து ஓடறாங்களாம். வீட்ல அக்காவுக்குத் தாடை வலிக்குது. நேத்து அந்த பிஸ்கட்டைக் கடிச்சப்போ அம்மாவோட பல்செட் கழண்டு பிஸ்கட்லயே நின்னுடுச்சு. உன் மனசு நோகக் கூடாதுன்னு யாருமே வாயைத் திறக்கலை. கடைசியில எல்லாரும் சேர்ந்து என்னைப் பிடிச்சுத் தள்ளிட்டாங்க."

அவள் வாயைத் திறந்தபடி பார்த்துக்கொண்டிருந்தாள். அடுப்படியில் யாரோ வாணலியைத் தட்டினார்கள்.

"ரொட்டியா?"

"ரொட்டிதான்."

"அப்ப கட்டி?"

"எந்தக் கட்டி?"

"உங்க கழுத்துல இருக்கற கட்டிங்க!"

இப்போது அவர் வாயைத் திறந்தார். "அதான் நேத்தே சொன்னேனே! வெறும் கொழுப்புக் கட்டி, ஒண்ணும் பண்ண வேண்டாம்னு டாக்டர் சொல்லிட்டாருன்னு. ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததும் வராததுமா உன்கிட்டதானே ஓடி வந்தேன்!"

"எப்போ சொன்னீங்க? எங்க சொன்னீங்க?"

"அடுப்படியிலதான். அம்மா காதுல விழக் கூடாதேன்னு, நீ மிக்ஸியைப் போட்டு கேக்குக்கு அடிச்சிட்டிருந்தப்போ பக்கத்துல வந்து மெதுவா சொன்னேன். நீயும் சிரிச்சுட்டே தலையாட்டினியே!"

"ஏங்க, மிக்ஸி ஓடினா அவங்களுக்குக் கேக்காது, எனக்கு மட்டும் கேக்குமா? என்னமோ சொல்றீங்கன்னு தலையாட்டினேன். அந்த வீட்ல நான் எதுக்குத்தான் தலையாட்டலை?"

"நீ ஒரு வார்த்தைகூடத் திருப்பிக் கேக்கலையேன்னு நானும் நினைச்சேன். சரி, சந்தோஷத்துல வாயடைச்சுப் போச்சாக்கும்னு விட்டுட்டேன்."

போன உயிர் திரும்பி வந்தது அவளுக்கு. சத்தமில்லாமல் வந்தால் தேவலையே! மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு ஓவென்று அழுதாள். அழுகை நடுவிலேயே சிரிப்பாக மாறியது. எழுந்து கைத்துண்டால் அவர் தோளில் நாலு போடு போட்டாள். கடைக்கார அக்கா கரண்டியோடு ஓடி வந்து, "மீன் நல்லா இல்லையா?" என்றாள்.

"மீன் பிரமாதம்க்கா, இந்த மனுஷனுக்குத்தான் புத்தி இல்லை" என்றாள் அவள், கண்ணைத் துடைத்தபடி. "ரொட்டி வேண்டாம்னு சொல்றதுக்கு முழு மீன் வாங்குவாரா யாராவது?"

"பயம்தான்" என்றார் அவர். "வேலை போனதைக்கூடச் சொல்லிடலாம். நீ சுட்டது நல்லா இல்லைன்னு எப்படிச் சொல்றது?"

அக்கா சிரித்துக்கொண்டே போனாள். இவள் சிரிப்பு அடங்கி, குனிந்துகொண்டு சொன்னாள். "சும்மா உட்கார்ந்தா கை நடுங்குச்சுங்க. மாவுக்குள்ள விட்டா தெரியலை. அதான் சுட்டேன். நான் ஒரு துண்டுகூட வாயில வெச்சுப் பார்த்ததில்லை."

"ஒண்ணும் இருக்காதுங்க" என்று தினமும் அவள் சொன்னதை அவர் அப்படியே நம்பி, நிம்மதியாகத் தூங்கியிருந்தார். "என்கிட்ட சொல்லியிருக்கலாமே" என்றார். கண் கலங்கியிருந்தது. முள் எடுத்த மீன் துண்டுகளை ஒவ்வொன்றாக அவள் தட்டுக்குத் தள்ளினார்.

அவள் சாப்பிட்டாள். அப்பாடா, என்ன பசி! இஞ்சி மணந்தது, சட்னி உறைத்தது, கோழி மொறுமொறுவென்று நொறுங்கியது. அவர் பங்கு மோமோவையும் சேர்த்து ஒரு கை பார்த்தாள்.

பிறகு, கடையில் நாலு பேர் இருக்கிறார்களே என்றுகூடப் பார்க்காமல், எட்டி அவர் சட்டைக் காலரை விலக்கினாள். அந்தக் கட்டியை அவள் இதுவரை தொட்டதில்லை. நேராகப் பார்க்கக்கூடத் தைரியம் வந்ததில்லை. இப்போது ஒரு விரலால் அழுத்தினாள். இன்னொரு முறை, நன்றாகவே அழுத்திப் பார்த்தாள்.

"அடப்பாவமே" என்றாள். "என் ரொட்டியை விட இது மெத்துன்னு இருக்கே!"