பிறந்த வீட்டுக் கோடி

தெருமுனையில் தப்புச் சத்தம் கேட்டதுமே பெண்கள் ஒப்பாரியை நிறுத்தினார்கள். குந்தவையின் பிறந்த வீட்டுக் கோடி வருகிறது. புருஷன் செத்தால் பெண்டாட்டிக்குப் பிறந்த வீட்டார்தான் கோடிச் சேலை போர்த்த வேண்டும். அது வராமல் இந்தப் பக்கத்தில் பிணம் எடுக்கமாட்டார்கள். அந்தப் புருஷனைச் சுட்டவன் வீட்டிலிருந்தே வந்தாலும் கோடி கோடிதானாம். ஊர்ப் பெரியவர்கள் கூடிப் பேசி அப்படிச் சொல்லிவிட்டார்கள். அவர்கள் வாயில் மண்ணை அள்ளிப் போட வேண்டும் போலிருந்தது குந்தவைக்கு.

பந்தலில் அவள் புருஷன் வீரையன் கிடந்தான். பெரியாஸ்பத்திரியில் அறுத்துத் தைத்து, முகம் மட்டும் தெரியக் கட்டிக் கொடுத்திருந்தார்கள். கேஸ் இருக்கிறது, எரிக்கக் கூடாது, புதைக்கத்தான் வேண்டும் என்று போலீஸ் சொல்லிவிட்டது.

தாம்பாளத்தோடு வந்தவள் தங்கையனின் மனைவி ஷோபனா. தங்கையன் குந்தவையின் கூடப்பிறந்த அண்ணன். சுட்டவன் அவன்தான்; பிடிபட்டு ஸ்டேஷனில் இருந்தான். பன்றி விரட்ட என்று அப்பா லைசென்ஸ் வாங்கிய ஒற்றைக்குழல் துப்பாக்கி, அவருக்குப் பிறகு அவனிடம் வந்தது. தேர்தலுக்காக ஸ்டேஷனில் ஒப்படைத்திருந்ததைப் போன வாரம்தான் திரும்ப வாங்கி வந்தான். "எவனாச்சும் என் வரப்புல கால வச்சா சுடுவேன். லைசென்ஸ் எதுக்குக் குடுத்திருக்கான்?" என்று டீக்கடையில் பீற்றிக்கொண்டானாம். கேட்டவர்கள் சிரித்தார்கள். ஒருத்தனாவது, அடேய், அது பன்றிக்குக் கொடுத்ததுடா என்று சொல்லியிருக்கலாம்.

நேற்று விடிகாலை வீரையனுக்குத் தண்ணீர் முறை. மேல் வயல்காரனான தங்கையன் மடையை அடைத்து வைத்திருந்தான். வீரையன் போய் வெட்டிவிட்டான். அவ்வளவுதான் நடந்தது.

ஷோபனா சேலையை மடியில் வைத்துக்கொண்டு காதோரம் குனிந்தாள்.

"குந்தவை, இப்ப பேசக் கூடாதுதான். இன்ஸ்பெக்டர் சாயந்திரம் உங்கிட்ட எழுதி வாங்க வராராம். வக்கீல் சொல்றாரு, முதுகுலதான் பட்டிருக்குன்னு டாக்டர் எழுதிருவாராம். திரும்பிப் போறவர சுட்டா தற்காப்பு இல்லன்னு சட்டமாம்."

"சரி."

"மம்பட்டிய ஓங்கிட்டு வெட்ட வந்தாரு, வெடிக்கிற நேரம் திரும்பிட்டாருன்னா தப்பிக்கலாமாம். நீ ஒரு வார்த்த சொன்னா போதும். 'அவன வெட்டிட்டுதான் வருவேன்'னு சொல்லிட்டுப் போனாருன்னு. போனவரு திரும்பியா வரப்போறாரு? உங்கண்ணன் இருந்தா நாளைக்கு உனக்கு ஒரு ஆதரவு."

"என்ன சொல்லிட்டுப் போனாருன்னு தெரியுமா, அண்ணி?" குந்தவையின் குரல் பந்தல் முழுக்கக் கேட்டது. "டீய மூடி வை, மடையத் தொறந்துட்டு வந்துடறேன்னு சொன்னாரு. இன்னும் மூடியேதான் கிடக்கு. போய்ப் பாருங்க."

ஷோபனா தலையைக் குனிந்துகொண்டாள்.

அப்போது பக்கத்து வீட்டுப் பக்கிரி கொட்டகையிலிருந்து மம்பட்டியோடு வந்தான். வாய்க்காலில் கிடந்த அதை நேற்று போலீஸ் வருமுன்னே எடுத்து வந்து கொட்டகையில் சாத்தியவனும் அவன்தான். கிடந்த மம்பட்டியை உடையவன் வீட்டில் சேர்ப்பது அவனுக்குக் கைப்பழக்கம்.

"குழி வெட்ட ஒண்ணு கொறையுதுக்கா. எடுத்துட்டுப் போறேன்."

குந்தவையின் கண் தகட்டில் நின்றது. சேறு உதிர்ந்த இடத்தில், வெளிப்புறமெல்லாம் அம்மைத் தழும்பாகச் சிறு சிறு குழிகள். எழுந்து போய் விரலால் தடவினாள். வேலை முடிந்தால் வீரையன் மம்பட்டியைத் தோளில் சாத்திக்கொண்டுதான் நடப்பான். தகடு முதுகுப் பக்கம் தொங்கும். ஒரே வெடியில் சிதறிய ரவைகள் முதுகிலும் பட்டிருக்கின்றன, தகட்டிலும் பட்டிருக்கின்றன. ஓங்கவில்லை. வேலை முடிந்து டீ குடிக்க வீட்டுக்கு வந்துகொண்டிருந்தான் மனுஷன்.

"இத விடு பக்கிரி. வேற வீட்ல வாங்கிக்க."

மம்பட்டியை வாங்கிக்கொண்டு வந்து உட்கார்ந்தாள்.

"நேரமாவுது. கோடியப் போத்துங்கம்மா," என்றார் ஒரு பெரியவர்.

ஷோபனா சேலையைப் பிரித்தாள். குந்தவை அதை வாங்கினாள். தோளில் போட்டுக்கொள்வாள் என்று எல்லோரும் பார்த்திருக்க, மம்பட்டித் தகட்டைச் சுற்றிச் சுற்றிக் கட்டினாள். ஒரு குழிகூட உரசாதபடி, முந்தானையால் இறுக்கி முடிச்சுப் போட்டாள்.

"இது என்னடி கூத்து?" என்றாள் யாரோ.

கோடி வந்தாயிற்று, அது போதும் என்று பிணத்தைத் தூக்கினார்கள். பெண்கள் வாசலோடு நின்றார்கள். தப்புச் சத்தம் வாய்க்கால் கரையோடு தேய்ந்து போனது. இன்ஸ்பெக்டர் வரும் வரைக்கும் குந்தவை இடத்தை விட்டு எழுந்திருக்கவில்லை. மடியில் அரக்கு நிறக் கோடிச் சேலை சுற்றிய மம்பட்டி கிடந்தது.