குளிர்காயும் பெட்டி

குளிர்பதனக் கிடங்கிலிருந்து வெளியே வருகிறவர்கள் முதலில் செய்கிற காரியம் ஒன்றுதான். கையுறையைக் கழற்றிவிட்டு, சுவரோரம் நிற்கும் இரும்பு சுவிட்சுப் பெட்டியின் கதவில் இரண்டு உள்ளங்கைகளையும் அப்பிக்கொள்வார்கள். காய்கறிக் கூடைகளை அடுக்கி விறைத்துப்போன விரல்களுக்கு அந்த வெதுவெதுப்பு பெரிய சுகம்.

"அக்கா, அடுப்புல குளிர்காஞ்சது போதும், அடுத்த ஆளுக்கு வழி விடுங்க" என்று கிண்டல் செய்வார் எலக்ட்ரீஷியன்.

கூடை அடுக்கும் பெண்களில் மூத்தவளான அக்கா லேசில் விடமாட்டாள். "நீ செஞ்ச வேலையிலேயே உருப்படியான வேலை இதுதான் தம்பி!"

எல்லோரும் சிரிப்பார்கள். எலக்ட்ரீஷியனும் சிரிப்பார்.

ஆனால் பெட்டி ஏன் சுடுகிறது என்பது அங்கே அவர் ஒருவருக்குத்தான் தெரியும். குளிரூட்டும் இயந்திரத்துக்கு மின்சாரத்தை விடுவதும் நிறுத்துவதும் உள்ளே இருக்கும் காண்டாக்டரின் வேலை. அதன் முனைகள் அழுந்தச் சேர்ந்தால்தான் மின்சாரம் தங்குதடையின்றிப் போகும். இந்த முனைகளோ தேய்ந்து கருகிவிட்டன. பாதி வழியிலேயே மின்சாரம் வெறும் சூடாக வீணானது. மாற்றுவதென்றால் இயந்திரத்தை அரைநாள் நிறுத்த வேண்டும். அதைக் கேட்க மேலாளர் முன் போய் நிற்க வேண்டும். அந்தச் சிடுமூஞ்சியை நினைத்தாலே அவருக்குக் கால் வராது.

அதனால் மாதம் ஒருமுறை முனைகளை உப்புத்தாளால் தேய்த்துவிடுவார். பார்க்கப் பளபளவென்று இருக்கும். ஆனால் தேய்க்கத் தேய்க்க மேலிருக்கும் வெள்ளி போய், சூடு இன்னும் ஏறும் என்பதைப் பயிற்சியில் படித்தவர்தான் அவர். தெரிந்தேதான் கதவில் தொங்கும் அட்டையில் 'சரிபார்க்கப்பட்டது' என்று எழுதினார். எட்டு மாதம், எட்டு கையெழுத்து. கையெழுத்து மட்டும் முத்து முத்தாக இருந்தது.

செவ்வாய்க்கிழமை காலை அக்கா கதவில் கை வைத்த நேரம், உள்ளே படாரென்று வெடித்தது. கதவின் காற்றுத்துளைகள் வழியாகத் தீ சீறி வந்தது. அவளுடைய இரண்டு உள்ளங்கைகளும் வெந்துபோயின.

மறுநாள் மேலாளர் ஒரு தாளை நீட்டினார். "'தொடாதே'ன்னு போர்டு இருக்கு. மீறித் தொட்டாங்க. பெட்டியில எந்தக் கோளாறும் இல்லைன்னு எழுதியிருக்கேன். கையெழுத்து போடுங்க, முடிஞ்சுது."

போட்டால் அக்காவுக்கு வேலையும் கிடையாது, வைத்தியத்துக்கு நிறுவனத்தின் உதவியும் கிடையாது. "மதியம் போடறேன் சார்" என்று மென்று விழுங்கிவிட்டு அவர் மருத்துவமனைக்குப் போனார்.

அக்காவின் இரண்டு கைகளிலும் கட்டுப் போட்டிருந்தது. மகள் தண்ணீர் டம்ளரை அவள் வாயருகே பிடித்திருந்தாள்.

"ஏன் தம்பி பேயறைஞ்ச மாதிரி நிக்கற? நான்தான் புத்தியில்லாம கை வெச்சேன். என்னால உன் வேலைக்கு ஒண்ணும் ஆகிடலையே?"

அதற்கு மேல் அவரால் அங்கே நிற்க முடியவில்லை. திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பார். படிகளில் ஓட்டமாக இறங்கினார்.

கிடங்குக்குத் திரும்பியவர், கருகி உருகிய முனைகளையும் சரிபார்ப்பு அட்டையையும் மேலாளரின் மேசையில் வைத்தார்.

"தப்பு அவங்க மேல இல்ல சார். மாத்த வேண்டியதை மாத்தாம, உப்புத்தாள் போட்டுத் தேச்சு ஏமாத்தினது நான். உங்க தாள்ல இதை எழுதுங்க, போடறேன்."

"உங்க வேலை போயிடும், தெரியுதா?"

"தெரியும் சார்." அவர் தலை குனியவில்லை. "எட்டு மாசமா அந்தப் பெட்டி சூடாகிச் சூடாகிச் சொல்லிட்டே இருந்துச்சு. எனக்கு மட்டும்தான் அது புரிஞ்சுது, நான் சிரிச்சு மழுப்பினேன். சரி பண்ணாமலே 'சரிபாத்தாச்சு'ன்னு நாம போடற கையெழுத்து இருக்கே சார், அது நம்ம கையைச் சுடாது. நம்மளை நம்பினவங்க கையைத்தான் சுடும்."