சிவப்பு மூடி

எங்கள் வொர்க்‌ஷாப்பில் ஸ்ப்ரே டின்களுக்குப் பெயர் கிடையாது, மூடிதான் உண்டு. பிரேக்கில் படிந்த எண்ணெயையும் அழுக்கையும் போக்க சிவப்பு மூடி. துருப்பிடித்த நட்டை இளக்க நீல மூடி. கதவு ரப்பர் கிறீச்சிடாமல் இருக்க சிலிகான், அது வெள்ளை மூடி. மூன்று டின்னும் ஒரே உயரம், ஒரே வெள்ளி நிறம். இருபத்திரண்டு வருடமாக எனக்கு இப்படித்தான் கை ஓடுகிறது.

ஸ்டோரைப் பார்த்துக்கொள்ள வந்த என் மனைவியின் தம்பிக்கு இது பிடிக்கவில்லை. எந்த டின் எதற்கு, எது எதன்மேல் படவே கூடாது என்று அட்டையில் எழுதிச் சுவரில் ஒட்டினான். மூடியை நம்பாமல், டின்னில் பொடியாக அச்சடித்திருக்கும் பெயரைப் படித்துவிட்டு அடிக்கச் சொன்னான். முதலாளியிடம் பேசி அவனைச் சேர்த்துவிட்டதே நான். எனக்கே பாடமா என்று சுருக்கென்றது. அன்றே அவனுக்கு 'லேபிள்' என்று பெயர் வைத்தேன். மறுநாள் வாட்ச்மேன்கூட அப்படித்தான் கூப்பிட்டார்.

உண்மையில் அந்தப் பொடி எழுத்து எனக்குத் தெரிவதில்லை. ஒன்றரை வருடமாகவே தெரிவதில்லை. கண்ணாடி போட்டால் 'பெரிசு' ஆக்கிவிடுவார்கள் என்று வீம்பாக இருந்தேன்.

செவ்வாய்க்கிழமை ஒரு காரின் கதவுகளுக்குச் சிலிகான் அடித்தேன். அதன் பிரேக்கையும் சுத்தம் செய்தேன். வாய் ஓயாமல் பேசியபடி இரண்டு மூடிகளையும் மாற்றிப் போட்டிருக்கிறேன். அடுத்து ஒரு நர்ஸம்மாவின் ஸ்கூட்டர். சிவப்பு மூடியைக் கழற்றி, முன் பிரேக் டிஸ்க் முழுக்க அடித்து, துணியால் ஒரு துடை. சிலிகான் பார்வைக்குக் காய்ந்துவிடும், வழுக்கல் மட்டும் போகாது. வண்டியை ஓட்டிப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். எனக்குப் பசி.

மறுநாள் காலை அந்த அம்மா மணிக்கட்டில் கட்டோடு வந்தார். முதல் திருப்பத்திலேயே பிரேக் பிடிக்காமல் சுவரில் போய் மோதியிருக்கிறார். கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை.

முதலாளி அந்த டின்னை எடுத்து ஒரு கண்ணாடித் துண்டில் அடித்துவிட்டு விரலால் தேய்த்தார். விரல் வழுக்கிக்கொண்டு போனது. சிவப்பு மூடிக்குள் சிலிகான் எப்படி வந்தது என்று கேட்டார். எனக்குத் தெரியும். துடைத்து வைத்த ஸ்பானரையே எடுத்து மறுபடி துடைத்தேன். மச்சான் என் முகத்தைப் பார்த்தான்.

"மூடி மாறியிருக்கறதைப் பாக்காம ஸ்டோர்லேருந்து எடுத்துக் குடுத்துட்டேன் சார்" என்றான்.

ஊருக்கெல்லாம் அட்டை எழுதியவனுக்கு இது தெரியவில்லையா என்று முதலாளி எகிறினார். நாளையிலிருந்து வரவேண்டாம் என்றார். வீட்டில் அவனுக்கு இரண்டு மாதக் கைக்குழந்தை. பின்னாலிருந்து யாரோ, "லேபிள் கிழிஞ்சுபோச்சு" என்றார்கள். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஏன் சிரித்தேன் என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

சாயந்தரம் வீட்டுக்குப் போனால் மனைவி வாசலிலேயே நின்றாள். தம்பி போனில் சொல்லியிருக்கிறான்.

"உங்க பேரைக் கெடுத்துட்டான் அவன். அவனுக்காக நான் மன்னிப்புக் கேட்டுக்கறேன்" என்றாள்.

அவள் என்னிடம் மன்னிப்புக் கேட்டதே இல்லை. கேட்கிற மாதிரி அவள் எதையும் செய்ததும் இல்லை. எனக்கு உடம்பு கூசிப்போனது. செருப்பைக்கூடக் கழற்றாமல், மூடி, கண், சிரித்தது எல்லாவற்றையும் சொன்னேன். அவள் திட்டவில்லை. போனை எடுத்துத் தம்பிக்குப் போட்டு, என் கையில் கொடுத்தாள்.

"சொல்லுக்கா. அத்தான் ரொம்பக் கோவமா இருக்காரா?" என்றான்.

"நான்தாண்டா" என்றேன்.

"சொல்லுங்க அத்தான்."

"அதில்லடா. மூடியை மாத்தினது நான்தான்."

சிணுங்கிய குழந்தையை அவன் தட்டிக்கொடுக்கிற சத்தம் கேட்டது.

"அது அப்பவே தெரியும் அத்தான்" என்றான். "ஆனா, நீங்களும் சிரிச்சீங்களே."

போனை மனைவியிடம் கொடுத்துவிட்டு, முதலாளி வீட்டுக்குக் கிளம்பினேன்.