கிராம்பு பூப்பதற்குள்

கடவுளை எந்தப் பெயரால் எழுதுவது என்ற இடத்தில் அன்றைக்கும் சமாதானப் பேச்சு முட்டிக்கொண்டு நின்றது.

அம்போன் தீவில் சண்டை மூண்டு மூன்றாவது வருடம். ராணுவச் சாவடிக்குப் பின்னால், கூரை எரிந்துபோன பள்ளிக்கூடத்தின் மேல் தகரத்தைப் போட்டுக் கூட்டம் நடந்தது. ஒரு பக்கம் ஹதுரேசி ஊர்க் கிறிஸ்தவர்கள், எதிரே வாய்லோப்போ ஊர் முஸ்லிம்கள், நடுவில் ஜகார்த்தாவிலிருந்து வந்திருந்த ஹென்றோ என்ற சமாதான அமைப்புக்காரர். தேநீர்த் தட்டோடு வாசலில் நின்ற யகோமினாவுக்குக் கை கடுத்தது. ஹதுரேசி போதகர் எலிஃபாஸின் மனைவி என்பதால் தேநீர் அவள் பொறுப்பு.

'அல்லாஹ்' என்றே எழுதலாம் என்று இரண்டு பக்கமும் ஒப்புக்கொண்டாயிற்று. அந்த ஊர் பைபிளிலும் அதே சொல்தான். சிக்கல் வாசிப்பதில் வந்தது. ஹதுரேசிக்காரர்கள் அதை நாக்கு நுனியால் 'அலா' என்பார்கள். வாய்லோப்போக்காரர்கள் 'அல்லாஹ்' என்று தொண்டையிலிருந்து எடுப்பார்கள். ஒப்பந்தத்தை யார் உரக்க வாசிக்கிறாரோ அவர் பக்கத்துக்குக் கடவுள் போய்விடுவார் என்று எல்லோருக்கும் பயம்.

"அப்போ கடவுள் பேரே இல்லாம ஆரம்பிச்சிடலாமே" என்றார் ஹென்றோ, களைத்துப்போய்.

"கடவுள் இல்லாத சமாதானமா?" என்று வாய்லோப்போ இமாம் தாஹிர் எழுந்தார்.

"அது நாத்திகன் கையெழுத்துப் போடற காகிதம்" என்று போதகர் எலிஃபாஸும் எழுந்தார்.

அந்த மூன்று வருடத்தில் இருவரும் ஒரே குரலில் பேசிய விஷயம் அது ஒன்றுதான். யகோமினா தட்டை மேசைமேல் டங்கென்று வைத்தாள். தேநீர் தளும்பிக் காகிதத்தில் கொட்டியது. யாரிடமும் மன்னிப்புக் கேட்காமல் வெளியே போனாள்.

சாவடியின் மறுபுறம் பெண்களின் சந்தை நடந்துகொண்டிருந்தது. யாரும் அனுமதி கொடுத்து வந்ததல்ல. ஹதுரேசிக்கு மீன் இல்லை, வாய்லோப்போவுக்கு மரவள்ளியும் கீரையும் இல்லை. வயிறு எத்தனை நாள் பொறுக்கும்? இரண்டு ஊர்ப் பெண்களும் கூடையோடு வந்து உட்கார, சிப்பாய்கள் வேறு பக்கம் பார்த்துக்கொள்ளப் பழகிவிட்டார்கள். ருகாயா அங்கே சூரை மீனுக்கு ஈ ஓட்டிக்கொண்டிருந்தாள். இமாம் தாஹிரின் தங்கை. கணவன் படகோடு கருகிச் செத்தவன். சண்டைக்கு முன்பு அவளும் யகோமினாவும் அம்போன் நகரச் சந்தையில் ஒரே சாக்கை விரித்து வியாபாரம் பார்த்தவர்கள்.

"என்ன மினாக்கா, முடிஞ்சுதா?"

"முடியறதா? இன்னும் சாமிக்கே பேர் வெச்சு முடியல. அப்புறம்தான மனுசங்க பக்கம் வருவாங்க."

ருகாயா சிரிக்கவில்லை. மடியிலிருந்து ஒரு கொத்தை எடுத்து நீட்டினாள். கிராம்பு மொட்டு. அடியில் லேசாகச் சிவப்பு ஏறியிருந்தது.

"மலையடிவாரத்துல ஒடிச்சேன். ஒரு வாரம் தாங்காது. பூத்துடும்."

மொட்டாகப் பறித்தால்தான் கிராம்பு. பூத்துவிட்டால் குப்பை. போன இரண்டு அறுவடையும் அப்படித்தான் போயின. மலைமேல் இரண்டு ஊர் மரங்களும் பின்னிப் பிணைந்து நின்றன. இவன் ஏறினால் அவன் சுடுவான், அவன் ஏறினால் இவன் சுடுவான் என்று யாரும் ஏறவில்லை. மொட்டெல்லாம் மஞ்சளாக விரிந்து உதிர்ந்து, மழையில் அழுகி, ஊர் முழுக்க அந்த வாடை அடித்தது.

"நாம ஏறுவோம்" என்றாள் யகோமினா.

"ஒங்க வீட்டுக்காரரு?"

"ஒங்க அண்ணன்?"

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அவ்வளவுதான் ஆலோசனை.

எலிஃபாஸுக்கு அன்று மாலையே செய்தி எட்டிவிட்டது. "ஒப்பந்தம் கையெழுத்தாகட்டும், மினா. அதுவரைக்கும் யாரும் மலையேற வேண்டாம்னு சபையில தீர்மானமே போட்டாச்சு."

"தீர்மானத்த மரத்துக்கிட்டச் சொல்லுங்க. கொஞ்சம் பொறுத்துப் பூக்கச் சொல்லுங்க."

"நம்ம கோயில எரிச்சவங்களோட சேர்ந்து..."

"அவங்க மசூதிய நாம எரிச்சோம்."

"மொதல்ல எரிச்சது யாரு?"

அவள் மூங்கில் ஏணியின் கட்டுகளை இழுத்துப் பார்த்தாள். மொதல்ல யாரு, மொதல்ல யாரு. அந்த வீட்டில் காலையில் ஜெபத்துக்கு முன்பும் ராத்திரி ஜெபத்துக்குப் பின்பும் அதே கேள்விதான். ஒரு மனிதன் மொட்டைப் பாறையில் தலையை முட்டிக்கொண்டே இருப்பதைப் பக்கத்தில் நின்று பார்ப்பதுபோல் இருந்தது அவளுக்கு.

முதல் நாள், சந்தைக்கு வரும் பெண்கள் எல்லோரும் பயந்துகொண்டேதான் ஏறினார்கள். ஹதுரேசிப் பெண்கள் இந்தப் பக்கத்து மரங்கள், வாய்லோப்போப் பெண்கள் அந்தப் பக்கத்து மரங்கள் என்று ஒதுங்கி நின்றார்கள். மரங்களுக்கு அந்த ஒழுங்கு தெரியாதே, கிளைகள் ஒன்றுக்குள் ஒன்று போயிருந்தன. மதியத்துக்குள் யார் ஏணியில் யார் நிற்கிறார்கள் என்பதே குழம்பிப்போயிற்று. வாய்லோப்போக்காரி ஒருத்தியின் தலைமுக்காடு ஹதுரேசி மரக் கிளையில் மாட்டிக்கொள்ள, ஹதுரேசி விதவை ஒருத்தி அதை எடுத்துக்கொடுத்து, "இதுவும் மதம் மாறப் பாக்குதுடி, பிடிச்சு வெச்சுக்க" என்றாள். எல்லோரும் ஒரு கணம் திகைத்து, பிறகு சிரித்துவிட்டார்கள்.

இரண்டாம் நாள் ஹென்றோ மூச்சிரைக்க மேலே வந்தார். பெண்களைப் பாராட்டினார், படம் எடுத்துக்கொண்டார். பிறகு ஒரு வேரில் உட்கார்ந்து, "இது மதச் சண்டையே இல்லம்மா. எல்லாம் நிலமும் அரசியலும். மதத்த மேல போத்தியிருக்காங்க, அவ்வளவுதான்" என்றார்.

யகோமினாவுக்குச் சுரீரென்று ஏறியது. "நெலத்தகராறு எங்க தாத்தா காலத்துலேருந்து இருக்கு, தம்பி. கம்ப எடுத்துக்கிட்டு வருவாங்க, நாலு கெட்ட வார்த்த பேசுவாங்க, அப்புறம் காப்பி குடிச்சுட்டுப் போவாங்க. எல்லைக்கல்ல ஒரு அடி தள்ளி நட்டா முடிஞ்சுது. சாமி உள்ள வந்தப்புறம்தான் யாராலயும் பின்வாங்க முடியல. நெலத்த விட்டுக்குடுக்கலாம். சாமிய விட்டுக்குடுத்துட்டு ஊருக்குள்ள எப்படி நடமாடுவான்?"

"சாமிய குத்தம் சொல்லாதீங்கக்கா" என்றாள் ருகாயா, மேல்கிளையிலிருந்து. குரலில் சிரிப்பில்லை. "அவரு எரிஞ்சு கரை ஒதுங்கின அன்னிக்கு எனக்குத் தொழுகை மட்டும் இல்லாட்டி நானும் கடல்ல எறங்கியிருப்பேன். அதையும் கணக்குல வைங்க."

ருகாயா சொன்னது மெய். தான் சொன்னதும் மெய். இரண்டும் எப்படி ஒரே மரத்தில் நிற்கின்றன என்றுதான் அவளுக்கு விளங்கவில்லை. எரிச்சலோடு மொட்டுகளைக் கூடையில் போட்டாள்.

மறுநாள் வெயில் ஏறிய நேரத்தில் கீழே, எரிந்த ஹதுரேசிக் கோயிலில் மிஞ்சியிருந்த மணி அடித்தது. சிறிது நேரத்தில் வாய்லோப்போ மசூதியில் புதிதாகக் கட்டிய ஒலிபெருக்கியும் கத்தத் தொடங்கியது. என்ன நடந்தது என்பது பிறகுதான் தெரிந்தது. நம் பெண்களை மலையில் பிடித்துவைத்துக் கலிமா சொல்ல வைத்து மதம் மாற்றுகிறார்கள் என்று ஹதுரேசியில் ஒருவன் சொல்லியிருக்கிறான். நம் பெண்களுக்கு அருவியில் ஞானஸ்நானம் கொடுக்கிறார்கள் என்று வாய்லோப்போவில் ஒருவன் சொல்லியிருக்கிறான். இரண்டு ஊரும் நம்பிவிட்டன.

இரண்டு சரிவிலும் ஆண்கள் ஏறி வந்தார்கள். ஹதுரேசிக்காரர்கள் தலையில் சிவப்புத் துணி, வாய்லோப்போக்காரர்கள் தலையில் வெள்ளைத் துணி, எல்லோர் கையிலும் வெட்டுக்கத்தி. சிலரிடம் தண்ணீர்க் குழாயில் செய்த துப்பாக்கி.

"யாரும் எறங்காதீங்கடி!" என்று ருகாயா கத்தினாள். யகோமினா தன் ஏணியை எட்டி உதைத்துத் தள்ளினாள். மற்றவர்களும் தள்ளினார்கள்.

ஆண்கள் தோப்புக்குள் வந்து பார்த்தால், எதிரிகள் எதிரே நிற்கிறார்கள். நடுவில் மரத்துக்கு மரம் மனைவியும் அக்காவும் தங்கையும் தொங்குகிறார்கள். எப்படிச் சுடுவது?

"கீழ எறங்கு!"

"மாட்டேன். நீ கத்தியக் கீழ போடு."

"ஒன்னய யாரும் ஒண்ணும் பண்ணலியா?"

"எறும்பு கடிச்சுது. அதுக்கும் படை தெரட்டிக்கிட்டு வா!"

கூட்டத்துக்கு முன்னால் எலிஃபாஸ் நின்றார். அவர் கையில் கத்தி இல்லை. பைபிள்தான் இருந்தது. அதைப் பார்த்ததும் யகோமினாவுக்குள் ஏதோ அறுந்தது.

"ஓபேத் அப்பா!"

மகன் ஓபேத் செத்துப்போனதிலிருந்து அவள் அவரை அப்படிக் கூப்பிட்டதே இல்லை. எலிஃபாஸ் நிமிர்ந்தார்.

"சண்ட வந்த மொத ஞாயித்துக்கெழம மேடையில நின்னு என்ன சொன்னீங்க? கர்த்தருக்காகக் கத்தி எடுக்கறவனக் கர்த்தர் கைவிட மாட்டார்னு சொன்னீங்க. முன்வரிசையில பாட்டுக்காரங்களோட நம்ம புள்ள ஒக்காந்திருந்தான். வீட்டுக்கு வந்து சாப்பாட்டக்கூடத் தொடல. செவப்புத் துணியக் கட்டிக்கிட்டுப் போனான். இந்த ரெண்டு வருசமா நான் ஒங்கள ஒரு வார்த்த கேக்கல. இப்போ கேக்கறேன். அது கர்த்தர் சொன்னதா, நீங்களா சொன்னதா?"

எலிஃபாஸின் உதடு அசைந்தது.

"கேக்கல!" என்றாள் உச்சிக்கிளையில் இருந்த விதவை.

"நான்தான் சொன்னேன்." அவர் குரல் உடைந்தது. "அவர் எங்கிட்ட ஒண்ணும் சொல்லல. ஜனங்க என் மூஞ்சியப் பாத்துக்கிட்டு இருந்தாங்க. ஏதாவது சொல்லணும்போல இருந்துச்சு. சொல்லிட்டேன்."

அப்படியே வேரில் உட்கார்ந்துவிட்டார்.

ருகாயா வெள்ளைத்துணிக் கூட்டத்தின் முன்னால் நின்ற இமாம் பக்கம் திரும்பினாள். "அண்ணே, நீங்க?"

"நான் மார்க்கத்துல உள்ளதத்தான் சொன்னேன்" என்றார் தாஹிர் விறைப்பாக.

"மார்க்கத்துல நெறைய இருக்கே அண்ணே. அண்டை வீட்டானப் பத்தி உள்ளத ஏன் அன்னிக்குச் சொல்லல?"

அந்த நேரம் வெள்ளைத்துணி இளைஞன் ஒருவன் கல்லை வீசினான். ஹதுரேசிப் பெண் ஒருத்தியின் தோளில் பட்டு அவள் அலறினாள். சிவப்புத் துணிக்காரர்கள் கத்தியை உயர்த்தி முன்னே பாய்ந்தார்கள். அதற்குள் தாஹிர் அந்த இளைஞனை ஓங்கி ஓர் அறை விட்டார். அவன் தலைத்துணியை உருவி எறிந்தார். பாய்ந்தவர்கள் பாதியிலேயே நின்றார்கள். பிறகு தரையில் கிடந்த ஏணியைத் தூக்கித் தங்கையின் மரத்தில் சாய்த்து, "எறங்கு. மொட்டு வெயில்ல சுருங்குது" என்றார். மன்னிப்பு என்று அவரிடமிருந்து வந்தது அவ்வளவுதான்.

சில ஆண்கள் காறித் துப்பிவிட்டுக் கீழே போனார்கள். மிச்சமிருந்தவர்கள் சும்மா நிற்கப் பிடிக்காமல் சாக்குகளைத் தூக்கினார்கள். கிராம்பு மூட்டைகளை வண்டியில் ஏற்ற வேண்டும் என்பதற்காக, சாவடிப் பாதையை மறித்துக் கிடந்த மரத்துண்டுகளும் எண்ணெய்ப் பீப்பாய்களும் அகன்றன. எந்தக் கூட்டமும் தீர்மானிக்காமல் பாதை திறந்தது.

அடுத்த ஞாயிறு எலிஃபாஸ் மேடையேறி, தோப்பில் சொன்னதையே சபை முன்னால் சொன்னார். "ஒங்க பிள்ளைங்கள அனுப்பினது நான். கர்த்தர் பேரச் சொல்லி அனுப்பினேன்" என்றார். பாதிப் பேர் அழுதார்கள். மூப்பர்கள் எழுந்து வெளியே போனார்கள். அவர்களில் இரண்டு பேர் மகனைப் பறிகொடுத்தவர்கள். ஒருவர் வாசலில் யகோமினாவை மறித்து, "எம் புள்ள கர்த்தருக்காகச் செத்தான். அதையும் புடுங்கிக்கிட்டாரே ஒன் புருசன்" என்று கேட்டார். அவர் கண்ணைப் பார்த்து அவளால் நிற்க முடியவில்லை. இப்படி ஒரு விலையும் இருக்கும் என்று மரத்தின்மேல் இருந்தபோது அவள் நினைக்கவில்லை.

மூப்பர்களின் புகார் தலைமைச் சபைக்குப் போயிற்று. எலிஃபாஸைத் தெற்கே ஒரு சின்னத் தீவுக்கு மாற்றினார்கள். ஹதுரேசிக்கு இளம் போதகர் ஒருவர் வந்தார். நல்ல குரல்வளம். முதல் பிரசங்கத்திலேயே விசுவாசிகளின் உறுதியைப் பற்றி நெடுநேரம் பேசினார். யகோமினா கடைசி வரிசையில் உட்கார்ந்து, பெருமூச்சு விட்டு விட்டு, பாதியில் எழுந்து சாமான் கட்டப் போய்விட்டாள்.

படகுத் துறைக்கு ருகாயா காய்ந்த கிராம்பு ஒரு சிறு பையும், வாழையிலையில் சுட்ட மீனும் கொண்டுவந்தாள்.

"புதுசா வந்தவரு எப்படிக்கா?"

"பழையவரு மாதிரியே. அஞ்சு வருசம் கழிச்சு இவர் பொண்டாட்டியும் மரம் ஏறணும்."

ருகாயா அவள் கையைப் பிடித்துக்கொண்டு, உதட்டுக்குள் ஏதோ ஓதி, அவள் நெற்றியில் ஊதினாள். யகோமினா ஒதுங்கவில்லை.

படகு வளைகுடாவைத் தாண்டியதும் அலை தூக்கிப் போட்டது. எலிஃபாஸ் பழக்கத்தில் தொப்பியைக் கழற்றினார்.

"ஜெபம் பண்ணலாமா, மினா?"

"பண்ணுங்க. மனசுக்குள்ள பண்ணுங்க. சத்தமா வேண்டாம்."

அவர் தலையைக் குனிந்துகொண்டார். உப்புத் தண்ணீர் இருவர் மேலும் தெறித்தது. அவள் தோள்துணியால் மீன் பொட்டலத்தை மூடி மடியில் வைத்துக்கொண்டு, அவர் விழுந்துவிடாமல் சட்டைக் காலரைப் பிடித்துக்கொண்டாள்.