ஒரே டிரம்மில் இரண்டு ஸ்டிக்கர்

மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்பார்கள். லாண்டரிக்காரிக்கு ஒரு பக்கம் புருஷன், மறுபக்கம் கூடப்பிறந்த அண்ணன். இதில் கொடுமை என்னவென்றால், இரண்டு பேரும் அவளுடைய நன்மைக்காகத்தான் இடித்தார்கள்.

அவளுடைய லாண்டரி தெருவின் பள்ளமான முனையில் இருந்தது. பார்த்தால் பள்ளம் என்று தெரியாது. தண்ணீருக்கு மட்டும் தெரியும். போன மழைக்காலத்தில் தெருத் தண்ணீர் முழுவதும் கதவைத் தட்டாமல் உள்ளே வந்து, முழங்கால் உயரத்துக்கு நின்று, ஊரார் துணிகளையெல்லாம் ஒரே நிறமாக்கிவிட்டுப் போனது. பாதி வாடிக்கையாளர்களும் அந்தத் தண்ணீரோடு போனார்கள். அதற்கடுத்த கோடையில், இஸ்திரிப் பெட்டியைப் பிடித்தபடியே அவள் மயங்கி விழுந்தாள். வெயில் அப்படி. அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை. மேசையில் கிடந்த வக்கீல் சட்டைதான் முதுகில் ஒரு முக்கோணத்தோடு வீடு திரும்பியது.

வெள்ளத்தைப் பார்த்துப் பதறிய புருஷன், அதாவது பஸ் டிரைவர், தெருவின் வெள்ளத் தடுப்புக் குழுவுக்குத் தலைவரானார். மயக்கத்தைப் பார்த்துப் பதறிய அண்ணன், பள்ளிக்கூடத்தில் விளையாட்டு வாத்தியார், வெயில் தடுப்புக் குழுவுக்குத் தலைவரானார். இரண்டு குழுவும் அவளால்தான் பிறந்தன. பிறந்த நாளிலிருந்து அவளுக்கு நிம்மதி இல்லை.

நகராட்சி அலுவலகத்தில் வெயிலுக்கு மாடியில் ஓர் அறை, வெள்ளத்துக்குக் கீழே ஓர் அறை. நடுவில் நல்ல அகலமான படிக்கட்டு இருந்தது. அதில் யாரும் ஏறி இறங்கியதாகத் தெரியவில்லை. வீட்டுக்கு ஒரு நீல டிரம் கொடுத்தார்கள். கூரைத் தண்ணீர் குழாய் வழியாக அதற்குள் விழும். அடியில் திறந்துவிட ஒரு திருகு. மாடி அறைக்காரர்கள் அதில் ஒரு ஸ்டிக்கர் ஒட்டினார்கள்: 'எப்போதும் நிரப்பி வைக்கவும்.' கொதிக்கிற நாளில் குழாயும் கைவிட்டால், துணி நனைத்துப் போர்த்திக்கொள்ளவாவது தண்ணீர் வேண்டும் அல்லவா? கீழ் அறைக்காரர்கள் பக்கத்திலேயே இன்னொன்று ஒட்டினார்கள்: 'எப்போதும் காலியாக வைக்கவும்.' பெருமழையில் கூரைத் தண்ணீர் தெருவுக்கு வராமல் டிரம்மில் தங்க வேண்டும் அல்லவா? இரண்டும் நியாயம்தான். டிரம்தான் ஒன்று.

காலையில் பள்ளிக்கூடம் போகுமுன் வாத்தியார் கழுத்தில் விசிலோடு தெருவில் இறங்குவார். "டிரம்மை நிரப்பு!" என்பார். தெரு நிரப்பும். மாலையில் டிரைவர் பஸ்ஸை டிப்போவில் விட்டுவிட்டு வருவார். வீடு வீடாக நின்று, சுகம் விசாரித்து, "திருகைத் திறந்து விடுங்க" என்பார். தெரு திறந்துவிடும். யார் எதிரில் நிற்கிறாரோ அவர் சொல்வதே சட்டம். அதே தெருவில் பூட்டு, சாவிக் கடை வைத்திருந்த பூட்டுக்காரர் மட்டும் தன் டிரம்மில் எப்போதும் பாதித் தண்ணீர் வைத்திருந்தார்.

"இது என்னண்ணே, ரெண்டுங்கெட்டானா?" என்று அவள் கேட்டாள்.

"வாத்தியாரும் வேணும், டிரைவரும் வேணும். நான் யாரைம்மா பகைச்சுக்கறது?" என்றார் அவர்.

இந்த லட்சணத்தில்தான் அவளுக்கு ஒரு நல்ல காலம் எட்டிப் பார்த்தது. பஸ் நிலையத்துக்கு எதிரே இருந்த லாட்ஜின் மேனேஜர், வெள்ளை விரிப்புகளைப் பெரிய மூட்டைகளாக அனுப்பினார். வெள்ளிக்கிழமை சாயங்காலம் பளிச்சென்று வந்து சேர்ந்தால் இனி லாட்ஜ் துணி மொத்தமும் அவளுக்கு. ஒரு கறை இருந்தாலும் வேறு லாண்டரி. போன வாடிக்கையெல்லாம் இந்த ஒன்றில் திரும்பிவிடும். அந்த ஞாயிற்றுக்கிழமை வீட்டில் சாப்பிட உட்கார்ந்தபோது அவள் சந்தோஷமாக இதைச் சொல்லத்தான் வாயெடுத்தாள். அதற்குள் மச்சானும் மாப்பிள்ளையும் தட்டுக்கு மேலாக ஆரம்பித்துவிட்டார்கள்.

"மாப்பிள்ளைங்கற மரியாதைக்குப் பார்க்கிறேன். டிரம்மைக் காலி பண்றவர் என் தங்கச்சி மேல அக்கறை இல்லாதவர்."

"மச்சான்ங்கறதால பொறுத்துக்கறேன். டிரம்மை நிரப்பறவர் என் பொண்டாட்டி கடைக்குள்ள மழையைக் கூப்பிடறவர்."

அவள் கரண்டியைக் கீழே வைத்தாள். "எனக்கு மயக்கம் வந்தது ஒரே ஒரு நாள். கடைக்குள்ள தண்ணி வந்ததும் ஒரே ஒரு நாள். உங்க ரெண்டு பேரால தலைவலி வர்றது தினமும். கேட்டுக்குங்க. இன்னொரு தடவை கடைக்குள்ள தண்ணி ஏறுச்சுன்னா, ஷட்டரை இழுத்துப் பூட்டிட்டு வீட்டோட உக்காந்துடுவேன். அப்புறம் ரெண்டு குழுவும் யாரைக் காப்பாத்துதுன்னு பார்க்கலாம்."

சொல்லிவிட்டு அவள் அழுததுதான் வேலை செய்தது. கத்தினால் இரண்டு பேரும் பதிலுக்குக் கத்துவார்கள். அழுதால் இரண்டு பேருக்குமே கை கால் ஓடாது.

வியாழக்கிழமை விடிந்ததும் புருஷன் டூட்டிக்குக் கிளம்பும்போது, வாசலில் நின்று செருப்பைத் தேடுகிற பாவனையில் மெதுவாகச் சொன்னார். "நான் யோசிச்சேன். இன்னைக்கு டூட்டி முடிஞ்சதும் நானே எல்லா டிரம்மையும் நிரப்பிடறேன். உங்க அண்ணன் கிட்ட மட்டும் சொல்லிடாதே. தலைமேல ஏறி உக்காந்துக்குவார்."

அவர் தலை மறைந்து, அவள் கடையைத் திறந்ததும் அண்ணன் வந்தார். "தங்கச்சி, நாலு நாளா எனக்கு மனசே சரியில்ல. இன்னைக்கு எல்லா டிரம்மையும் நான் திறந்து விட்டுடறேன். மாப்பிள்ளை கிட்ட மட்டும் மூச்சு விடாதே. அப்புறம் அவர் முகத்துல முழிக்க முடியாது."

அவளுக்குச் சிரிப்பு வந்தது, கண்ணும் கலங்கியது. விட்டுக்கொடுக்கவாவது மனசு வந்ததே என்று வாயை மூடிக்கொண்டாள். அங்கேதான் அவள் தப்புப் பண்ணினாள்.

டிரைவர் டிரம்களைத் திறக்கிற விதம் வேறு. ஒரு வீட்டில் திருகைத் திறந்து, முழங்கால் வலியைப் பற்றிப் பேசி, அது வடிந்ததும் அடுத்த வீட்டுக்குப் போவார். தண்ணீர் வந்த இடம் தெரியாமல் சாக்கடையில் போய்விடும். வாத்தியாருக்கு அந்தப் பழக்கம் கிடையாது. எதையும் அணிவகுப்பாகச் செய்துதான் அவருக்கு வழக்கம். அன்று பள்ளிக்கூடம் விட்டதும் எல்லாரையும் வாசலுக்கு வரவழைத்து, திருகில் கை வைக்கச் சொல்லி, "ரெடி... ஒன்... டூ..." என்று விசிலை ஊதினார். காலையில் வழக்கம்போல் நிரப்பி வைத்திருந்த அத்தனை டிரம்மும் தெரு முழுக்க ஒரே நொடியில் திறந்தது.

வானத்தில் ஒரு மேகம் இல்லை. வெயில் மண்டையைப் பிளந்தது. லாண்டரிக்காரி கணுக்காலில் ஏதோ குளிர்ச்சியாகப் பட்டதே என்று குனிந்து பார்த்தாள். தெருத் தண்ணீர் மொத்தமும் தனக்குத் தெரிந்த பள்ளத்தைத் தேடி, படியேறி, கடைக்குள் வந்துகொண்டிருந்தது. தரையில் வைத்திருந்த லாட்ஜ் மூட்டை ஒன்று அடியிலிருந்து பழுப்பாகிக்கொண்டிருந்தது. வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்த கதை என்பது இதுதான் என்று அவள் நினைத்தாள். நினைக்கும்போதே விளக்குமாற்றை எடுத்தாள்.

அண்ணன் மூச்சிரைக்க ஓடி வந்தார். தண்ணீரையும் அவள் முகத்தையும் பார்த்தார். "தங்கச்சி, இது கணக்குல வராது. இது மழைத் தண்ணி இல்ல."

அவள் விளக்குமாற்றை ஓங்கவில்லை. ஓங்கியிருந்தாலும் தெருவில் யாரும் தப்பு சொல்லியிருக்க மாட்டார்கள்.

தண்ணீரை அள்ளிக் கொட்டி முடிக்கையில் டிரைவர் வந்து சேர்ந்தார். தோளில் நீளமான ஹோஸ். வரும் வழியிலேயே மேட்டுப்பக்கத்து டிரம்கள் நாலைந்தை நிரப்பிவிட்டு வந்திருந்தார். கடையின் நிலையைப் பார்த்ததும் ஹோஸ் தோளிலிருந்து நழுவியது.

"என்ன மச்சான் இது? கொளுத்தற வெயில்ல அத்தனை தண்ணியையும் திறந்து விட்டுட்டீங்களே! நாளைக்கு இவ மயங்கி விழுந்தா மூஞ்சியில தெளிக்கச் சொட்டுத் தண்ணி இருக்குமா?"

"மாப்பிள்ளை, ராத்திரி பெருமழைன்னு செய்தியில சொல்லியிருக்கான். டிரம் காலியா இருந்தாத்தானே கூரைத் தண்ணி தங்கும்? இது கூடவா உங்களுக்குத் தெரியாது?"

"எனக்கா தெரியாது? இத்தனை நாளா தொண்டை கிழியச் சொன்னதே நான்தானே!"

"அப்புறம் எதுக்கு ஹோஸைத் தூக்கிட்டு வந்தீங்க?"

"உங்களுக்காகத்தான்!"

"நானும் உங்களுக்காகத்தான் திறந்தேன்!"

பிறகு, இவர்களை மாற்றவே முடியாது என்பதற்கு அத்தாட்சியாக, டிரைவர் "நிரப்பித்தான் வைக்கணும்" என்றார், வாத்தியார் "திறந்துதான் விடணும்" என்றார். நேற்று வரை அவர் பாடிய பாட்டை இவரும், இவர் பாடியதை அவரும் பாடினார்கள்.

அவள் நேராகப் போய் அண்ணன் கழுத்திலிருந்து விசிலைக் கழற்றி ஒரு ஊது ஊதினாள். பூட்டுக்காரர் கூடத் தன் கடையிலிருந்து எட்டிப் பார்த்தார்.

"ரெண்டு பேர் சொல்றதும் சரிதான். ஒரே நாளைக்கு ரெண்டும் சரியா இருக்காது, அவ்வளவுதான். மழை வருதுன்னு தெரிஞ்சா ஒவ்வொண்ணா, மெதுவாத் திறங்க. காலியானதும் மூடிட்டு, மழையில சேர்ற தண்ணியை அடுத்த வெயிலுக்கு வச்சுக்கங்க. இதுக்கு எதுக்குங்க ரெண்டு குழு? மேட்டு வீட்டு டிரம் எல்லாம் போய்த் திறங்க. சாக்கடையில விடாதீங்க, வாளியில பிடிச்சுத் தெருக்கோடி மரத்துக்கு ஊத்துங்க. சேர்ந்து போங்க. பேசாம போங்க."

பேசாமல் போனார்கள்.

மழை சொன்னபடி வந்தது. சொன்னதற்கு மேலாகவே வந்தது. அவள் மற்ற மூட்டைகளை மேசைமேல் ஏற்றிவிட்டு, கதவருகே நின்று படியைப் பார்த்தபடி இருந்தாள். போன வருஷத் தண்ணீர் சுவரில் போட்டுவிட்டுப் போன கோடு இன்னும் இருந்தது. தெருவில் தண்ணீர் ஏறியது. முதல் படி மறைந்தது. வீடு வீடாகக் கூரைக் குழாய்கள் டிரம்முக்குள் கொட்டும் சத்தம் மழையையும் மீறிக் கேட்டது. இரண்டாவது படியின் விளிம்பை நக்கிப் பார்த்தது தண்ணீர். புருஷனும் அண்ணனும் சொட்டச் சொட்ட வந்து அவளுக்கு இரண்டு பக்கமும் நின்றார்கள். தண்ணீர் அந்த விளிம்பிலேயே தயங்கித் தயங்கி நின்றது. மழை ஓய்ந்ததும் இறங்கிப் போனது. அவள் அப்படியே உட்கார்ந்து ஓவென்று அழுதாள். இந்த அழுகைக்கு என்ன செய்வதென்று இருவருக்கும் தெரியவில்லை.

ஆனால் பழுப்பான மூட்டை பழுப்பாகவே இருந்தது. வெள்ளிக்கிழமை காலையில் கரண்ட் இல்லை, மெஷின் ஓடவில்லை. குழாயைத் திறந்தால் சேறு வந்தது. டிரம்களில் மட்டும் கண்ணாடி மாதிரி மழைத் தண்ணீர் நிறைந்திருந்தது. பூட்டுக்காரர் தன்னுடையதைத் தானே தள்ளுவண்டியில் வைத்துத் தள்ளிக்கொண்டு வந்து, "இது முழுசா உனக்குத்தாம்மா" என்றார். முந்தின நாள் மழை பெய்ததையே மறந்துவிட்ட மாதிரி வெயில் ஏறியது. துணி காய்வதற்கு அதைவிட நல்ல வெயில் கிடைக்காது.

வெயில் குழுத் தலைவரும் வெள்ளக் குழுத் தலைவரும் லீவு போட்டுவிட்டு, கால்சட்டையை மடித்துக்கொண்டு, தொட்டியில் இறங்கி விரிப்புகளை மிதித்தார்கள். அலசி முடித்துப் பிழிய வந்தபோது, விரிப்பின் ஆளுக்கொரு முனையைப் பிடித்து முறுக்கினார்கள். அவ்வளவு நேரம் சமாதானமாக இருந்துவிட்டதாலோ என்னவோ, ஒருவருக்கொருவர் அனுசரித்து ஒரே பக்கமாகவே முறுக்கினார்கள். விரிப்பு சுற்றிச் சுற்றி வந்ததே தவிர, சொட்டுத் தண்ணீர் இறங்கவில்லை.

அவள் இடுப்பில் கை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"துணியை ரெண்டு பேரும் ஒரே பக்கம் முறுக்கினா எப்படிப் பிழியும்? ஆளுக்கொரு பக்கமா முறுக்குங்க. அதுதான் உங்களுக்கு நல்லா வருமே!"