எத்தனை மணி நேரம்

ஐஸ்பெட்டிக்காரருக்கு உலக வரைபடம் பார்க்கத் தெரியாது. ஆனால் எந்த ஊரில் விமானம் ஏறினால் இங்கே வந்து சேர எவ்வளவு நேரம் பிடிக்கும் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார். பிழைப்பு அப்படி. இறந்தவர்களை வைக்கும் குளிர்பெட்டியை வாடகைக்கு விடுகிறவர். சாவு வீட்டிலிருந்து ஃபோன் வந்தால், ஐயோ பாவம் என்பதற்கு முன்னால் அவர் வாயில் வருவது ஒரே கேள்விதான்: "வர வேண்டியவங்க வர எத்தனை மணி நேரம் ஆகும்?" பெட்டி எவ்வளவு நேரம் அங்கே இருக்க வேண்டும் என்று தெரிய வேண்டாமா?

ஒரே ஒரு ஊர் மட்டும் அவர் கணக்கில் கிடையாது. அவருடைய மகள் இருக்கிற ஊர். யாராவது அந்தப் பேரை எடுத்தாலே, "பெட்டியை ஏத்தணும்" என்று எழுந்து போய்விடுவார். மனைவி இறந்த மறுவருஷம் மகள் வேலைக்கென்று கிளம்பியபோது, "அவ்வளவு தூரம் போறவ அப்படியே போயிடு" என்று கத்திவிட்டார். அவர் பெற்ற பிள்ளைதானே, ரோஷத்துக்கு என்ன குறைச்சல்! போனவள் போனவள்தான். நாலு வருஷம் ஓடிவிட்டது. இவர் ஒரு ஆளுக்குச் சமைத்து, அதிலும் பாதியை மறுநாள் சூடு பண்ணித் தின்று, டிவியோடு சண்டை போட்டுக்கொண்டு கிடக்கிறார். வீட்டில் பேச ஆளில்லையென்றால் மனுஷன் வேறு என்னதான் செய்வான்?

அன்று காலை ஒரு மாடி வீட்டுக்குப் பெட்டியைக் கொண்டுபோனார். தனியாக இருந்த பெரியவர் போய்விட்டார். பக்கத்து வீட்டுக்காரர்தான் கதவைத் திறந்துவிட்டார்.

"பையன் வர எத்தனை மணி நேரங்க?"

"பதினாலு மணி நேரமாம். ஆனா வரலியாம், லீவு கிடைக்கலையாம். ஃபோன்லயே பாத்துக்கறாராம். நாளைக்குக் காலையில எடுத்துடறோம்."

டம்ளரில் சாய்த்து நிறுத்தியிருந்த ஃபோனுக்குள் மகன் அழுதுகொண்டிருந்தான். பக்கத்து வீட்டுக்காரர் சர்டிஃபிகேட் வாங்க டாக்டரைப் பார்க்கக் கிளம்பினார். கட்டிலடியில் ஒரு ஜோடிச் செருப்பு, கொடியில் ஒரு துண்டு, சமையல் மேடையில் கழுவிக் கவிழ்த்த ஒரு தட்டு. எதை எடுத்தாலும் ஒன்றே ஒன்றுதான். தன் வீட்டுக்குள்ளேயே நுழைந்துவிட்ட மாதிரி இருந்தது ஐஸ்பெட்டிக்காரருக்கு. நாளைக்கு நம் வீட்டு வாசலில் எவனோ ஒருத்தன் இதே கேள்வியைக் கேட்டால் பதில் சொல்லக்கூட ஆளில்லையே! பயந்தேபோனார்.

வண்டியில் வந்து உட்கார்ந்தார். மகளின் நம்பரை அழிக்க மட்டும் இத்தனை நாளும் மனசு வந்ததில்லை. அழுத்தினார்.

"அப்பா?"

எப்படி இருக்கே, சாப்டியா, என் மேல கோபமா என்று கேட்க நாலு வருஷத்துப் பேச்சு இருந்தது. பாழாய்ப்போன வாய், பழகிய கேள்வியைத்தான் கேட்டது.

"அங்கேருந்து இங்க வர எத்தனை மணி நேரம்மா?"

அந்தக் கேள்வியைக் கேட்டுக் கேட்டே வளர்ந்தவள் அவள்.

"யாருப்பா? யாரு போயிட்டாங்க? சொல்லுப்பா!"

"ஐயோ, யாரும் போகலம்மா. நான்தான்... நான் நல்லாத்தான் இருக்கேன்." அவருக்கு அழுகை வந்துவிட்டது. "இருக்கும்போதே கேட்டுக்கலாம்னு தோணிச்சு."

அவள் கொஞ்சம்கூட யோசிக்கவில்லை.

"பதினேழு மணி நேரம்பா," என்றாள். "நடுவுல ஒரு எடத்துல மாறணும். தினமும் ஃப்ளைட் இருக்கு. வெள்ளிக்கிழமை மட்டும்தான் கிடையாது."